மறைதீனி

தட்டளவியின் கை பாதி வழியில் நின்றது. கரண்டியில் இருந்த சோறு தட்டில் விழவில்லை.

எடைப்படிமேல் நின்றிருந்த மோனிஷா அண்ணாந்து பார்த்தாள். வெற்றித்தடம் காலணி ஆலையின் உணவுக்கூடத்தில், அவளுக்குப் பின்னால் தையல் பிரிவுப் பெண்கள் முழுக்க வரிசையில் நின்றிருந்தார்கள். இயந்திரத்தின் நெற்றியில் சிவப்பு விளக்கு எரிந்தது. செய்தி வாசிக்கிற பெண்ணின் குரலை அதற்கு வைத்திருந்தார்கள். திட்டும்போதுகூட இனிக்கும்.

"மோனிஷா, தையல் பிரிவு. மறைதீனி. மூன்றாம் முறை."

காலையும் மதியமும் தட்டளவிதான் சோறு போடும். இரவுக்கும் விடுமுறை நாளுக்கும் பொட்டலம் கட்டிக் கொடுக்கும். வெளியே வாங்கித் தின்பது ஒப்பந்தத்துக்கு விரோதம். ஆக, ஒருவர் வயிற்றுக்குள் என்ன போனது என்று அதற்குத் தெரியும். படியில் ஏறினால் எடையும் தெரியும். போட்ட சோற்றுக்கு மேல் உடம்பு ஏறியிருந்தால், எங்கேயோ ஒளித்து வைத்துத் தின்றிருக்கிறாள் என்று முடிவு கட்டும். அதற்குப் பெயர் மறைதீனி. முதல் முறை கரண்டி சுருங்கும், இரண்டாம் முறை இன்னும் சுருங்கும், மூன்றாம் முறை ஆலைக் கதவைத் திறக்கும் வாயில் அட்டை செத்துப்போகும், அதோடு வேலையும் போகும். தொழிலாளிகள் ஒல்லியாக இருக்கும் ஆலைக்குக் காப்பீட்டில் சலுகை உண்டு. அதனால்தான் இவ்வளவு அக்கறை.

ஆளெடுப்பு அதிகாரி கிரிதரன் பல் குத்திக்கொண்டே வந்தார்.

"என்னம்மா மோனிஷா, வாயக் கட்டு வாயக் கட்டுன்னு எத்தினி தடவ சொன்னேன்?"

"நான் ஒண்ணும் துன்னல சார். இது போட்டதத்தான் துன்னேன்."

"அப்ப காத்துல ஊதிச்சா? கணக்கு பொய் சொல்லாதும்மா."

தோல் வெட்டும் பிரிவு ஆண்கள் சிரித்தார்கள். ஒருத்தன், "மாவு மூட்டைய ஒளிச்சி வச்சிருக்கும்" என்றான். மோனிஷா தட்டைக் கீழே வைக்கவும் தோன்றாமல் நின்றாள். முப்பது வருடமாக அவள் தைத்த செருப்பை உலகம் பூராவும் போட்டு நடந்திருக்கிறது. அவளை ஒருத்தரும் திருடி என்று சொன்னதில்லை.

கண்ணாடி அறையிலிருந்து செவ்வந்தி எழுந்து வந்தாள். அந்த ஆலையில் தட்டளவிகளைப் பராமரிக்கும் பொறியாளர் அவள்தான். மோனிஷாவின் மகளும் அவள்தான். "எங்கள் தொழிலாளியின் மகள், எங்கள் பொறியாளர்" என்று அவள் படத்தைப் பெரிதாக அடித்து வாசலில் மாட்டியிருந்தார்கள். குடும்பத்தில் முதல் பட்டதாரி. படத்தில் பல் தெரியச் சிரிக்கச் சொல்லியிருந்தார்கள், சிரித்திருந்தாள்.

கழுத்தில் தொங்கிய அடையாள அட்டைக் கயிற்றை வெளியே இழுத்தாள். அதில் ஒரு சாவி இருந்தது.

"இது எங்க வீட்டுச் சமையல்கட்டுச் சாவி சார். ரெண்டாவது தடவ விளக்கு எரிஞ்ச அன்னைக்கே அம்மா பூட்டச் சொல்லிட்டாங்க. அப்போலருந்து என் கழுத்துலதான் இருக்கு. வெல்லம்கூட எடுக்க முடியாது. அப்புறம் எப்படி ஏறுது?"

கிரிதரன் சாவியைப் பார்க்கவேயில்லை. "நீ படிச்ச பொண்ணு. நீயே இயந்திரத்த நம்பாட்டி வேற யாரு நம்புவா? அம்மாவ வீட்ல கொண்டுபோய் விடு."

அன்று சாயங்காலம் மோனிஷா சமையல்கட்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள். திடீரென்று கழுத்திலிருந்து சூடு கிளம்பும், ரவிக்கை நனையும், முந்தானையால் விசிறிக்கொள்வாள், பிறகு குளிரும். மாதவிலக்கு நின்றதிலிருந்து இதே கூத்து. கால் கை எல்லாம் அப்படியே இருக்க, வயிறு மட்டும் யாருடையதோ போல முன்னால் வந்து நின்றது. தூக்கம் துண்டு துண்டாகத்தான் வந்தது.

"ஏண்டி," என்றாள், "தூக்கத்துல எழுந்து துன்னுட்றேனோ இன்னாவோ? பக்கத்து வூட்டுல பூந்து துன்னா எனக்குத் தெரியவா போவுது?"

செவ்வந்திக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேலை போனதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். இயந்திரம் சொல்லிச் சொல்லி, அம்மாவே தன்னைத் திருடி என்று சந்தேகப்படும் நிலைக்கு வந்துவிட்டாளே, அதை எப்படிப் பொறுப்பது? எவன் கணக்கு இது? எவன் உடம்பை வைத்துப் போட்ட கணக்கு?

மறுநாள் தட்டளவியின் உள்ளே இறங்கிப் பார்த்தாள். விஷயம் அவள் நினைத்ததைவிடக் கேவலமாக இருந்தது.

எடைப்படியில் முதன்முதல் ஏறுகிறவரின் உள்ளங்கால் வழியே அது எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ளும்: உடம்புச் சூடு, தசை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு, சும்மா இருக்கும்போது தின்றதில் எவ்வளவு எரிகிறது. அந்த உடம்புதான் ஆதார உடல். மற்ற எல்லாரும் அதைப் போலவே எரிக்கவேண்டும் என்று அது எதிர்பார்க்கும். தயாரித்தவர்கள் தெளிவாகச் சொல்லியிருந்தார்கள், ஆலையில் பெரும்பாலோர் எப்படியோ அப்படிப்பட்ட ஒருவரை முதலில் ஏற்றுங்கள் என்று. வேலை செய்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் பெண்கள். அதில் பாதிப் பேர் நாற்பத்தைந்தைத் தாண்டியவர்கள்.

ஆனால் திறப்புவிழா என்று ஒன்று இருக்கிறதே! செவ்வந்திக்கு ஞாபகம் வந்தது. வாழைமரம் கட்டி, பூசணிக்காய் உடைத்து, நல்ல நேரம் பார்த்து, புது இயந்திரத்தின்மேல் முதல் காலை முதலாளி ரித்தீஷ் வைத்தார். ஐயர், படம் எடுப்பவர், மாலை, எல்லாம் உண்டு. முதலாளி நிற்கும்போது தையல்காரி ஒருத்தியை முதலில் ஏற்ற யாருக்குத் தோன்றும்? அப்போது அவர் நெடுந்தூர ஓட்டத்துக்குப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தார். தின்றதையெல்லாம் கற்பூரம் மாதிரி எரிக்கும் உடம்பு. அந்த உடம்பை வைத்துத்தான் இத்தனை நாளாக மோனிஷாவின் வயிற்றை அளந்துகொண்டிருந்தது.

மாதவிலக்கோடு அதற்கான சுரப்பும் நின்றால் தசை கரையும், எரிவது குறையும், கொழுப்பு வயிற்றுக்கு இடம் மாறும், தூக்கம் கெடும். வைத்தியம் படித்த எந்தப் பிள்ளையும் சொல்லும். தட்டளவிக்கு மட்டும் இது தெரியாது. ரித்தீஷுக்கு மாதவிலக்கு நிற்கவில்லை அல்லவா!

இதை அவரிடமே போய்ச் சொன்னாள். அவர் அறைச் சுவர் முழுக்க ஓட்டப் பதக்கங்கள்.

"செவ்வந்தி, உங்க அம்மாமேல எனக்கு மரியாதை இருக்கு. ஆனா ஒண்ணு கேட்டுக்கோ. நானும் அதே இயந்திரத்துலதான் சாப்பிடறேன், வீட்லயும் அதேதான். எனக்கு ஒரு தடவை சிவப்பு எரிஞ்சிருக்கா?"

"உங்க உடம்பத்தான் சார் அளவா வச்சிருக்கு. உங்களுக்கு எப்படி எரியும்?"

"அதான் சொல்றேன். நல்ல உடம்பை அளவா வச்சாத்தான மத்தவங்க முன்னேறுவாங்க?" அவர் சிரித்தார். "அம்மாவை நடக்கச் சொல்லு. ராத்திரி சோத்தை விடச் சொல்லு. மனசு வச்சா முடியாதது இல்லை."

செவ்வந்தியும் சிரித்தாள், வாசல் படத்தில் சிரித்த அதே சிரிப்பு. "சரி சார்."

அவர் வாயாலேயே இன்னொரு நல்ல செய்தியும் வந்தது. ஆடி முடிந்ததும் ஆலையிலும் அலுவலகத்திலும் தன் வீட்டிலும் புதுத் தட்டளவிகள் வரப்போகின்றன. முதல் காலடியை வாங்கிக்கொள்ள எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே எடைப்படி, தாய்ப்படி. தன் காலடியை எவனும் மாற்றிவிடக்கூடாது என்று அவரே ஒரு பூட்டும் கேட்டு வாங்கியிருந்தார். முதலில் ஏறிய அதே கால் மறுபடி வந்து நின்றால்தான் பூட்டு திறக்கும். சோறு வீணாவதையும் பிடிக்கவேண்டும் என்றார். போட்ட சோற்றுக்கு உடம்பு ஏறாமல் இளைத்தால், தின்னாமல் கொட்டுகிறான் என்று பொருள். அதற்குப் பெயர் வீண்தீனி. அதற்கும் அதே தண்டனை: சுருங்கும் கரண்டி, மூன்றாம் முறை வாயில் அட்டை.

பெட்டி வந்து இறங்கியதும், சோதித்துப் பார்க்கவேண்டும் என்று சொல்லித் தாய்ப்படியை வண்டியில் வைத்துக் கட்டி வீட்டுக்கு எடுத்து வந்தாள் செவ்வந்தி. பலகை அளவுதான் இருந்தது.

"ஏறும்மா."

"இது மூஞ்சியவே பாக்கக் கூடாதுன்னு இருக்கேன். எடுத்துகினு போடி."

"ஒரே ஒரு தடவ. எனக்காக."

மோனிஷா பெருமூச்சு விட்டாள். பிறகு, புது சாமான் என்ற ஒரே காரணத்துக்காக, குங்குமத்தைத் தொட்டு அதன் ஓரத்தில் பொட்டு வைத்தாள். தலையிலிருந்த பூவைக் கிள்ளிப் போட்டாள். கால் கழுவி, துடைத்து, ஏறி நின்றாள். படி பச்சையாக மின்னி அணைந்தது.

"இன்னாடி சொல்லுது?"

"நீ சரியா இருக்கேன்னு சொல்லுது."

செவ்வந்தி குங்குமத்தைத் துடைத்துவிட்டுப் படியைத் திரும்ப ஆலையில் கொண்டுபோய் வைத்தாள். ஆவணி முதல் முகூர்த்தத்தில் ரித்தீஷ் மாலையும் கழுத்துமாக ஏறி நின்றார். எல்லாரும் கைதட்டினார்கள். செவ்வந்தி எல்லாரையும்விடப் பலமாகத் தட்டினாள்.

முதல் வாரத்திலேயே வெட்டும் பிரிவு ஆண்கள் முனகத் தொடங்கினார்கள். மோனிஷாவின் உடம்புக்குப் போதுமான சோறுதான் எல்லார் தட்டிலும் விழுந்தது. இளைத்தார்கள். இளைத்ததும் இயந்திரம் சந்தேகப்பட்டது. இவ்வளவு தின்றால் இவ்வளவு எடை இருக்கவேண்டுமே, சோற்றைக் கொட்டுகிறான்போல, குறைத்துப் போடு! குறைத்துப் போட்டது. இன்னும் இளைத்தார்கள்.

"வீண்தீனி," என்றது இனிமையான குரல். மாவு மூட்டை என்று சொன்னவனுக்கு அரைக் கரண்டி.

"நான் வழிச்சி நக்கிட்டுப் போறேன்! எங்கடா கொட்டினேன்?" என்று அவன் கத்தினான்.

"கணக்கு பொய் சொல்லாதுண்ணே," என்றாள் செவ்வந்தி.

ஒரு நாள் காலையில் கிரிதரனின் வாயில் அட்டை செத்தது. வெளியே நின்றுகொண்டு காவலாளியிடம், "நான் அதிகாரிய்யா, நான் ஒண்ணும் கொட்டலய்யா" என்று கெஞ்சினார். அந்தக் குரலை செவ்வந்தி நின்று நிதானமாகக் கேட்டாள். தேன் குடித்த மாதிரி இருந்தது. ரித்தீஷ் மாடிப்படி ஏறும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்; காப்பீட்டு ஒப்பந்தத்தில் அவர் பெயரும் இருந்ததால் அவரும் வெளியே தின்ன முடியாது. இயந்திரத்தை நிறுத்தவும் வழியில்லை. அதை நிறுத்தினால் காப்பீடு போகும், காப்பீடு போனால் வெளிநாட்டுக்காரன் செருப்பு வாங்கமாட்டான்.

ஆனால் ஒன்றை அவள் யோசிக்கவில்லை. கோபத்தில் யோசிக்கத் தோன்றவுமில்லை. செருப்பைப் பெட்டியில் அடுக்கும் பிரிவில் புதிதாகச் சேர்ந்த கனிஷ்கா, இருபது வயதுப் பெண், வரிசையில் நின்றபடியே மயங்கி விழுந்தாள். தண்ணீர் தெளித்ததும் கண் திறந்து, "அக்கா, நான் சோத்தக் கொட்றேன்னு சொல்லுதுக்கா. நான் கொட்டலக்கா" என்று அழுதாள்.

அதே வார்த்தை, அதே அழுகை. செவ்வந்திக்குத் தன் தட்டும் அப்போதுதான் கண்ணில் பட்டது. தானும் பல நாளாகப் பசியோடு இருப்பதைப் பழிவாங்கும் மும்முரத்தில் கவனிக்கவே இல்லை.

வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னாள். மோனிஷா முதலில் கிரிதரன் கதைக்கு வயிறு குலுங்கச் சிரித்தாள். கனிஷ்கா பெயர் வந்ததும் சிரிப்பு நின்றது.

"அவனுங்க வயித்துல அடிச்ச, சரி. சின்னப் புள்ளைங்க வயித்துல ஏண்டி கை வச்ச?"

பதில் சொல்வதற்குள் வாசலில் கார் வந்து நின்றது. இயந்திரத்தைத் தயாரித்தவர்கள் பூட்டைப் பார்த்து யாருடைய கால் என்று சொல்லிவிட்டார்கள். ரித்தீஷ் உள்ளே வந்தார். கன்னம் ஒட்டியிருந்தது.

"உன்னை உள்ள தள்ள எனக்கு எவ்வளவு நேரமாகும் தெரியுமா?" என்றார் செவ்வந்தியிடம்.

"தள்ளுங்க சார். வேலைய இப்பவே விட்டுட்றேன். ஆனா பூட்டு அம்மா காலுலதான இருக்கு?"

அவர் மோனிஷா பக்கம் திரும்பினார். குரல் இறங்கியது. "அம்மா, நீங்க வந்து ஒரு நிமிஷம் நிக்கணும். உங்க பேர்ல இருக்கிற மறைதீனியை எடுத்துடறேன்."

"எல்லார் எதிர்லயும் திருடின்னு சொன்னீங்க, அவ்ளோ பேர் எதிர்லயே எடுங்க. அப்போ நிக்கிறேன்."

மறுநாள் மதியம் உணவுக்கூடத்தில் ரித்தீஷ் ஒலிவாங்கியைப் பிடித்தார். மோனிஷா திருடவில்லை, அவளைப்போல வெளியே அனுப்பப்பட்ட பெண்கள் ஒருவரும் திருடவில்லை, அளவுதான் தப்பு என்றார். கடைசி வார்த்தை சரியாகக் கேட்கவில்லை. "சத்தமா சார்," என்று பின்னாலிருந்து ஒரு பெண் குரல் வந்தது. சத்தமாகச் சொன்னார்.

மோனிஷா ஏறி நின்றாள். பூட்டு திறந்தது. இறங்கினாள்.

"ஆதார உடல் தேவை. அடுத்தவர் ஏறவும்," என்றது தட்டளவி.

ரித்தீஷ் செருப்பைக் கழற்றினார்.

"திரும்பவும் உங்க காலா சார்?" என்றாள் மோனிஷா.

அவர் நின்றார். "அப்ப நீங்க யாராவது ஏறுங்க." வெட்டும் பிரிவைப் பார்த்தார். மாவு மூட்டைக்காரன் பின்னால் நகர்ந்தான். "வேணாம் சார். நான் ஏறினா மத்தவங்கல்லாம் திருடங்க ஆயிடுவாங்க." கனிஷ்காவைப் பார்த்தார். அவளும் தலையை ஆட்டினாள். அவ்வளவு பெரிய கூடத்தில் ஒரு கால்கூட முன்னால் வரவில்லை. "அடுத்தவர் ஏறவும்," என்று இயந்திரம் இனிமையாகச் சொல்லிக்கொண்டே இருந்தது. அது நிற்கவும் இல்லை, ஓடவும் இல்லை. காத்திருந்தது. யாரும் அதை அணைக்காதவரை காப்பீட்டுக்காரனுக்கு அது போதும்.

சோறு ஆறிக்கொண்டிருந்தது. மோனிஷா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, தட்டளவியின் விறைத்த கையிலிருந்து கரண்டியைப் பிடுங்கினாள். "வாங்கடி," என்றாள்.

கனிஷ்காவுக்கு மூன்று கரண்டி. இன்னும் வேணும் என்றவளுக்கு இன்னும். போதும் என்றவளுக்குப் போதும். மாவு மூட்டைக்காரன் தலையைக் குனிந்துகொண்டு வந்தான். அவனுக்கும் நிறையப் போட்டாள்.

வரிசையில் ரித்தீஷும் தட்டோடு வந்தார். பசி மரியாதை பார்க்காது. மோனிஷா கரண்டியை நிறைய அள்ளினாள், தட்டின்மேல் கொண்டுவந்தாள், பாதி வழியில் நிறுத்தினாள். அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, முக்கால்வாசியைக் குண்டானிலேயே தட்டினாள். மிச்சம் இருந்த ஒரு பிடியை அவர் தட்டில் போட்டாள்.

"வாயக் கட்டுங்க சார். ராத்திரி சோத்தை விட்டுடுங்க. மனசு வச்சா முடியாதது இல்ல."

ரித்தீஷ் தட்டை நீட்டியபடியே நின்றார். பின்னாலிருந்து யாரோ அவர் முதுகில் தட்டால் இடித்து, "நகருங்க," என்றார்கள்.