ஓசி பாஸ்... ஓர் உயிர்!

"ஐயோ... யாராவது வாங்களேன்!"

அந்த அலறல் வெளியே யாருக்கும் கேட்கவில்லை.

அதே வினாடியில் மைதானத்தில் ஒரு விக்கெட் விழுந்திருந்தது. முப்பதாயிரம் தொண்டைகள் ஒன்றாகக் கத்திக்கொண்டிருந்தன.

கண்ணாடிச் சுவர் போட்ட பதினாலாம் நம்பர் பாக்ஸில், கம்பளத்தின் மேல் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு துடித்தார் விற்பனை மேலாளர்.

உயிர்காக்கும் சாதனங்கள் விற்கும் கம்பெனி அவருடையது. பெரிய மேட்ச் வந்தால் பாக்ஸ்களை மொத்தமாகப் பிடித்துவிடுவார். ஆர்டர் கொடுக்கும் அதிகாரிகளுக்கு அழைப்பு போகும். பாஸ், தொப்பி, டி-ஷர்ட், சாப்பாடு... எல்லாம் ஓசி!

அலறியவர் சர்வர். நரைத்த மீசைக்காரர். கையிலிருந்த ஜூஸ் தட்டை வைத்துவிட்டு, சுவரிலிருந்த போனில் மருத்துவக் குழுவைக் கூப்பிட்டார்.

விருந்தாளிகள் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள். அவர்களில் ஒருவர் ஆஸ்பத்திரியின் பர்சேஸ் ஆபீசர். 'இன்னிக்கு ஆடிட்' என்று வீட்டில் புளுகிவிட்டு வந்தவர்.

கதவு படாரென்று திறந்தது.

அதே ஆஸ்பத்திரி மைதானத்துக்கு அனுப்பியிருந்த மருத்துவக் குழு! முன்னால் ஓடிவந்த நர்ஸின் கையில், இதயத்துக்கு ஷாக் கொடுக்கும் மெஷின்.

பர்சேஸ் ஆபீசர் தொப்பியைக் கண் வரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

வந்தது அவர் மனைவி! லீவு போட்ட யாருக்கோ பதிலாகக் கடைசி நேரத்தில் ட்யூட்டிக்கு வந்திருந்தாள்.

அவள் பார்வை அவர் முகத்தில் விழுந்தது. தொப்பிக்கு ஏறியது. டி-ஷர்ட்டில் இருந்த கம்பெனி பெயருக்கு இறங்கியது.

"ஆடிட்டா?" என்றாள்.

அவ்வளவுதான். மண்டியிட்டு மெஷினைத் திறந்தாள்.

கீழே கிடந்தவரின் கை மெல்ல எழுந்தது. மெஷினைத் தள்ளியது.

"அது... வேணாம்... அது..."

கை விழுந்தது. கண் செருகியது.

நாடி இல்லை!

ஸ்விட்சை அழுத்தினாள். மெஷினில் ஒரு முனகல்கூட இல்லை.

"காலைல நானே சார்ஜ் போட்டேனே!" என்று கத்தியவள், இரண்டு கைகளையும் கோத்து அவர் மார்பை அழுத்த ஆரம்பித்தாள். "பொது கேலரில நம்ம ஆஸ்பத்திரி பழைய மெஷின் ஒண்ணு இருக்கு... ஓடு! எடுத்துட்டு வா!"

உதவியாளர் பறந்தார்.

அவர் போன வழியில் மஃப்டியில் ஒருவர் நுழைந்தார். அடையாள அட்டையைத் தூக்கிக் காட்டினார்.

"இன்ஸ்பெக்டர். யாரும் நகரக்கூடாது! கடைசியா என்ன சொன்னார்?"

"'அது வேணாம்'னு சொன்னார் சார்" என்றார் ஒரு விருந்தாளி.

"எது வேணாம்?"

இன்ஸ்பெக்டரின் பார்வை தரையில் உருண்டு கிடந்த கிளாஸுக்குப் போனது. அங்கிருந்து சர்வருக்கு.

"ஜூஸ் குடுத்தது நீதானே? என்னய்யா கலந்தே?"

"சாமி சத்தியமா ஒண்ணும் கலக்கல சார்! புள்ள குட்டிக்காரன் சார்!"

"ஸ்டேஷன்ல வந்து சொல்லு!" சர்வரின் சட்டைக் காலரில் கை விழுந்தது.

பர்சேஸ் ஆபீசருக்கு மட்டும் தெரியும்... எது வேண்டாம் என்று.

வாயை மூடிக்கொண்டால் தப்பித்துவிடலாம். சர்வருக்காக யார் வாதாடப்போகிறார்கள்?

மனைவியைப் பார்த்தார். வியர்வை சொட்டச் சொட்ட அழுத்திக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கை வலிக்குமே என்று நினைத்தார். அந்த நினைப்பே அவருக்கு அருவருப்பாக இருந்தது.

"அவரை விடுங்க சார்..."

"என்ன?"

"ஜூஸ் இல்ல. அந்த மெஷின். அது தேறாதுன்னு வித்தவருக்குத் தெரியும். அதான் வேணாம்னார்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

தலையிலிருந்த தொப்பியைக் கழற்றிக் கசக்கினார்.

"வாங்கினது நான். எட்டு மெஷின். ஒண்ணைக்கூட டெஸ்ட் பண்ணல. பண்ணினதா கையெழுத்துப் போட்டேன். அன்னிக்குத்தான் இந்தப் பாஸ் வந்துது."

மார்பை அழுத்திய கைகள் நிற்கவில்லை. அவள் தலை மட்டும் நிமிர்ந்தது.

"போன மாசம் வார்டுல... இதே மாதிரி மெஷின் ஓடாம, அந்த டீச்சரம்மா என் கண்ணு முன்னாடி செத்தாங்களே..."

"ம்..."

"நான் சார்ஜ் போடலைன்னு மெமோ குடுத்தாங்க. மூணு நாள் சோறு தண்ணி இல்லாம அழுதேன். பக்கத்துல உக்காந்து கண்ணைத் துடைச்சு விட்டீங்களே... அப்பவே தெரியுமா?"

பொய் நாக்கு நுனி வரை வந்தது.

"தெரியும்."

அவள் குனிந்துகொண்டாள். சொட்டியது வியர்வைதானா என்று அவருக்குத் தெரியவில்லை.

பழைய மெஷின் வந்து சேர்ந்தது. கீறல் விழுந்த பெட்டி. 'உபயோகமற்றது' என்று பர்சேஸ் ஆபீசரே எழுதிக் கழித்துக்கட்டிய மெஷின்!

"தள்ளுங்க... யாரும் தொடாதீங்க!"

உடல் ஒருமுறை தூக்கிப்போட்டது. கழுத்தில் விரல் வைத்தாள்.

"வந்துடுச்சு... துடிப்பு வந்துடுச்சு!"

விற்பனை மேலாளரை ஸ்ட்ரெச்சரில் ஏற்றினார்கள். அவள் உடனே வார்டுக்குப் போன் போட்டாள்.

"சிஸ்டர், புது மெஷின் எல்லாத்தையும் ஒதுக்கி வெச்சிடு. ஏன்னு அப்புறம் சொல்றேன்... என் வீட்டுக் கதை!"

பர்சேஸ் ஆபீசர் கூனிக் குறுகி நின்றார்.

"என்னை அரெஸ்ட் பண்ணுங்க சார்."

"பண்ணத்தான் போறேன்! ஓசி மேட்சுக்கு ஆசைப்பட்டு உயிரோட விளையாடியிருக்கீங்க. வெக்கமா இல்ல?"

"சார்..." காலரைச் சரிசெய்தபடி சர்வர் மெல்ல இருமினார். "பக்கத்து பாக்ஸ்ல உங்க சாப்பாடு ஆறுது. மூடி வெக்கட்டுங்களா?"

போனை வைத்த நர்ஸ் திரும்பினாள்.

"பக்கத்து பாக்ஸும் இதே கம்பெனிதானே?" என்றாள் நர்ஸ்.

இன்ஸ்பெக்டரின் முகத்தில் ஈயாடவில்லை.

"அது... டிபார்ட்மெண்டுக்குக் குண்டு துளைக்காத சட்டை வாங்கினோம்... அந்த வகையில..."

"டெஸ்ட் பண்ணீங்களா?"

இன்ஸ்பெக்டர் கூரையைப் பார்த்தார். பர்சேஸ் ஆபீசர் தரையைப் பார்த்தார்.

நர்ஸ் மெஷினை மூடி எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தாள்.

"அப்ப ஒண்ணு செய்யுங்க சார். அந்தச் சட்டையை நீங்க போட்டுக்குங்க... துப்பாக்கியை எங்கிட்ட குடுங்க!"