பிரிண்டருக்குள் ஆடு வந்த வழி

பிரிண்டர் மறுபடியும் ஒரு ஆட்டை அச்சடித்தது.

கறுப்பு ஆடு. நெற்றியில் வெள்ளைப் பொட்டு. கொட்டாவி விடுவதுபோல வாயைத் திறந்தபடி கேமராவை முறைத்துக்கொண்டிருந்தது. சுபஸ்ரீ அந்தத் தாளை எடுப்பதற்குள் அதே ஆடு இன்னொரு தாளில் தலையை நீட்டியது.

"இன்னாடி இது? எதையாவது அமுக்கினியா?" என்று கேட்டாள் அம்மா மஞ்சுளா.

"நான் தொடவே இல்லம்மா. நம்ம கம்ப்யூட்டர்ல ஆட்டுப் படமே கிடையாது."

"அப்ப எங்கேந்து வருது?"

அதுதான் சுபஸ்ரீக்கும் புரியவில்லை.

ஒரகடத்தில் கம்பெனி பஸ்கள் நிற்கும் இடத்துக்கு எதிரே இருந்தது அவர்களுடைய ஜெராக்ஸ் கடை. கடைக்குப் பின்னால் வீடு. வீட்டு மாடியில் வாடகை அறைகள். தெற்கேயிருந்து தொழிற்சாலை வேலைக்கு வந்தவர்கள் அங்கே தங்கியிருந்தார்கள். சுபஸ்ரீ ஆறாம் வகுப்பு. பள்ளி விட்டதும் கடைக்கு வந்து அம்மாவுக்குத் தாள் அடுக்கித் தருவாள்.

அம்மா காலையிலிருந்து நின்றுகொண்டே இருந்தாள். இப்போது ஒரு காலை மாற்றி இன்னொரு காலில் நின்றாள். எதிரே ஷிப்ட் முடிந்த பஸ் ஒன்று நின்றுகொண்டிருந்தது. உள்ளே பாதிப் பேர் ஜன்னல் கம்பியில் தலை சாய்த்துத் தூங்கினார்கள். மீதிப் பேர் தூக்கக் கலக்கத்தோடு போனைத் தடவினார்கள்.

பஸ்ஸிலிருந்து இறங்கி நேராகக் கடைக்கு வந்தாள் சுகப்பிரியா. பக்கத்து ஹாஸ்டலில் தங்கி, உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவள்.

"அக்கா, போன வாரம் ஸ்கேன் பண்ணீங்கல்லா, என் சர்டிபிகேட்டு, ஆதார் எல்லாம்? ஒரு செட்டு எடுத்துக் குடுங்க. நாளைக்குக் காலையில பெர்மனென்ட்டுக்கு இன்டர்வியூ இருக்கு."

அம்மா கம்ப்யூட்டரில் பிரிண்ட் கொடுத்தாள். பிரிண்டர் 'கிர்ர்' என்றது. வெளியே வந்தது ஆடு.

சுகப்பிரியா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இது என் சர்டிபிகேட்டு மாதிரி தெரியலியேக்கா."

சுபஸ்ரீ சிரித்துவிட்டாள். அம்மா சிரிக்கவில்லை.

"தானா வந்துகினே கீது. யார் அனுப்புறான்னு தெரியல. பஸ் வந்து நின்னாலே நெட்டும் படுத்துக்குது. நெட்டுக்கார ஜீவானந்தத்தைக் கேட்டா, பெரிய பிளான் போடுங்கிறாரு."

சுகப்பிரியாவின் முகம் மாறியது.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. வெளியில இருந்து ஒரு ஆடு உள்ள வர முடியும்னா, உள்ள இருக்குற என் ஆதாரு வெளிய போவாதா?"

அம்மா அந்த ஆட்டுத் தாளை வாங்கிக் கவிழ்த்து வைத்தாள்.

"அதையெல்லாம் அழிச்சிருங்கக்கா. நான் வாலாஜாபாத்ல போய் எடுத்துக்கிடுதேன்." ஷிப்டில் நாள் முழுக்க நின்ற கால்களோடு அவள் மறுபடி பஸ் பிடிக்கத் திரும்பினாள்.

அம்மா ஸ்டூலில் உட்கார்ந்தாள். "அவ கேட்டது நியாயந்தான். இந்த ஊர்ப் பசங்களோட சர்டிபிகேட் எல்லாம் நம்மகிட்டதான் கீது. அதைப் பத்திரமா வெச்சிக்க முடியலன்னா, கடையை மூடிட வேண்டியதுதான்."

அம்மா இப்படிச் சொல்லி சுபஸ்ரீ கேட்டதே இல்லை.

"அக்கா, கொஞ்ச நேரம் இருங்க!" என்று சுகப்பிரியாவைக் கூப்பிட்டுக் கடை பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு, எதிரே நின்ற பஸ்ஸைப் பார்த்தாள் சுபஸ்ரீ. பஸ் வந்தால் நெட் படுக்கிறது. இன்று பஸ் வந்ததும் ஆடும் வந்தது. இரண்டும் பஸ்ஸோடு வருகின்றன. அப்படியானால் பஸ்ஸில் என்ன இருக்கிறது?

பஸ்ஸின் கடைசிப் படியில் மாசானம் அண்ணன் நின்றுகொண்டிருந்தான். அவர்கள் வீட்டு மாடியில் தங்கியிருப்பவன். போனைக் கட்டைவிரலால் குத்தோ குத்தென்று குத்தினான்.

"போவ மாட்டேங்கே! எத்தன தடவ அமுக்க?"

சுபஸ்ரீ ஓடிப் போய் எட்டிப் பார்த்தாள். போனில் கறுப்பு ஆடு. நெற்றியில் வெள்ளைப் பொட்டு.

"அண்ணா! இந்த ஆடு எங்க கடையில கீது!"

"ஏ பிள்ள, இது சங்கரன்கோவில்ல எங்க வீட்ல நிக்க ஆடு. உங்க கடைக்கு எப்படி வரும்?"

"எதை அமுக்கினீங்க?"

"இந்தா, பொட்டி மாதிரி ஒண்ணு இருக்குல்லா? தபால் பொட்டின்னு நினைச்சேன். கூட்டாளிக்கு அனுப்புதேன்."

அது தபால் பெட்டி இல்லை. பிரிண்டர் படம்!

"எங்க வைஃபை பாஸ்வேர்டு உங்க போன்ல எப்படி வந்துச்சு?"

"எப்பவோ பிரிண்ட் எடுக்க வந்தப்ப உங்கம்மாதான் சொன்னாவ. கடை போர்டுல இருக்க போன் நம்பருதானே!"

சுபஸ்ரீ தலையில் கை வைத்துக்கொண்டாள்.

இப்போது எல்லாம் விளங்கியது. பிரிண்ட் எடுக்க வந்த எல்லோருக்கும் அம்மா அதே பாஸ்வேர்டைக் கொடுத்திருந்தாள். ஒருமுறை கொடுத்தால் போன் மறக்காது. பஸ் கடைக்கு எதிரே வந்து நின்றதும், பாக்கெட்டில் இருக்கும் போன்கூடத் தானாகக் கடை வைஃபையில் ஒட்டிக்கொள்ளும். அத்தனை போன்களும் ஒரே நேரத்தில் இழுத்தால் நெட் படுக்காமல் என்ன செய்யும்? நெட் படுத்ததால் படம் போகவில்லை என்று நினைத்து, மாசானம் அண்ணன் திரும்பத் திரும்ப அமுக்கினான். அமுக்கிய ஒவ்வொரு முறையும் பிரிண்டருக்குள் ஒரு ஆடு!

பெரிய பிளான் போட்டாலும் இது தீராது. பாஸ்வேர்டே கொடுக்காவிட்டாலோ, பிரிண்ட் எடுக்க வருகிறவர்கள் போனிலிருந்து கடைக்கு எதையும் அனுப்ப முடியாது. என்ன செய்வது?

மாசானம் அண்ணன் கொட்டாவி விட்டான். அச்சு அசல் அந்த ஆடு மாதிரியே இருந்தது. பிறகு சாலையைக் கடந்து, வீட்டின் வெளிப்பக்க மாடிப்படியில் மெல்ல ஏறினான்.

சுபஸ்ரீ அந்தப் படியையே பார்த்தாள். மாடியை வாடகைக்கு விடும் எல்லா வீடுகளிலும் அப்படி ஒரு படி உண்டு. எந்த ஷிப்ட் முடிந்து வந்தாலும் அவர்கள் வெளியே ஏறி மேலே போய்விடலாம். வீட்டுக்குள் நுழைந்து, அம்மாவின் அடுப்படியைத் தாண்டிப் போக வேண்டியதில்லை. வைஃபையில் அப்படி ஒரு படி இல்லை. வந்தவர்கள் எல்லோரும் அடுப்படி வழியாகத்தான் போகிறார்கள்!

அம்மாவின் போனில் ஜீவானந்தத்தைக் கூப்பிட்டாள். அவர் எங்கோ ஒரு கம்பத்தின் மேல் இருந்தார்.

"அண்ணா, வைஃபைக்கு வெளி மாடிப்படி வைக்க முடியுமா?"

"இன்னா பாப்பா? நானே ஏணி மேல நிக்கிறேன், நீ படியைப் பத்திக் கேக்கிற!"

சுபஸ்ரீ விளக்கினாள்.

"கரெக்டுதான். அதுக்குப் பேரு கெஸ்ட் நெட்வொர்க், வந்து போறவங்களுக்குத் தனி வைஃபை. உங்க வைஃபை பொட்டியிலயே கீது. இதுவரைக்கும் யாரும் கேக்கலயா, நானும் போட்டு விடல. பெரிய பிளான்லாம் வேணாம். சொல்றேன், செய்."

அவர் சொல்லச் சொல்ல, அம்மாவும் சுபஸ்ரீயும் கம்ப்யூட்டரில் வைஃபை பெட்டியின் அமைப்புப் பக்கத்தைத் திறந்தார்கள். கடை வைஃபைக்குப் புதிய பெயர் வைத்தார்கள். அடுத்து, புதிய பாஸ்வேர்டு.

"உங்கப்பா போன் நம்பரு?" என்றாள் அம்மா.

"அம்மா!"

"சரி, சரி." அம்மா அவள் காதில் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத மூன்று வார்த்தைகளைக் கிசுகிசுத்தாள். பெஞ்சில் உட்கார்ந்திருந்த சுகப்பிரியா தானாகவே காதைப் பொத்திக்கொண்டாள்.

அந்த அமைப்புப் பக்கத்தைத் திறக்கும் பாஸ்வேர்டையும் மாற்றினார்கள். பழையது பெட்டியின் அடியிலேயே ஒட்டியிருந்தது, யார் வேண்டுமானாலும் படிக்கும்படி. பிரிண்டரின் சின்னத் திரையில் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடிப் புது பாஸ்வேர்டைப் போட்டாள் சுபஸ்ரீ. நடுவில் ஒருமுறை தப்பாகி, முதலிலிருந்து மறுபடி போட்டாள். கண் எரிந்தது. கடைசியாக, வாடிக்கையாளருக்குத் தனி வைஃபை. அது இழுக்கும் நெட்டுக்கும் ஓர் அளவு வைத்தார்கள்.

எதிரே அடுத்த பஸ் வந்து நின்றது. கம்ப்யூட்டரில் நெட் படுக்கவில்லை. பஸ்ஸிலிருந்த போன்கள் பழைய பெயரைத் தேடியிருக்கும். அந்தப் பெயரே இப்போது இல்லையே!

சுபஸ்ரீ மாடிக்கு ஓடி மாசானம் அண்ணனை இழுத்து வந்தாள். புதிய வைஃபையை அவன் போனில் போட்டுக் கொடுத்தாள்.

"இப்ப அந்தப் பொட்டியை அமுக்குங்கண்ணா."

அமுக்கினான். பிரிண்டர் எதுவும் கிடைக்கவில்லை என்றது போன். பிறகு ஆட்டுப் படத்தைக் கூட்டாளிக்கு அனுப்பினான். சட்டென்று போய்விட்டது.

அம்மா கம்ப்யூட்டரிலிருந்து பிரிண்ட் கொடுத்தாள். எல்லோரும் பிரிண்டரையே பார்த்தார்கள். சுகப்பிரியாவின் சர்டிபிகேட் வந்தது. பின்னாலேயே ஆதாரும் வந்தது. வந்ததும், கம்ப்யூட்டரில் இருந்த நகலை அவள் கண் முன்னாலேயே அம்மா அழித்தாள்.

"இனி எல்லாருக்கும் இப்படித்தான்" என்றாள் அம்மா.

"அப்போ அடுத்த வாட்டியும் இங்கதான் வருவேன்" என்று சொல்லிவிட்டு, தாள்களை மார்போடு அணைத்துக்கொண்டு சுகப்பிரியா தூங்கப் போனாள்.

சுபஸ்ரீ ஓர் ஆட்டுத் தாளைத் திருப்பி, பின்பக்கம் எழுதிக் கடைச் சுவரில் ஒட்டினாள்:

"வாடிக்கையாளர் வைஃபை தனி. இதில் இன்டர்நெட் மட்டும் வரும். கடை பிரிண்டருக்கும் கம்ப்யூட்டருக்கும் இதில் வழி கிடையாது. பிரிண்ட் எடுக்க வேண்டியதைக் கடை வாட்ஸ்அப்புக்கு அனுப்பவும். பாஸ்வேர்டு வாரம் ஒருமுறை மாறும்."