கடைசியில் சேர்த்த அனுமதி

சர்வர் அறையின் இரைச்சலில் அன்று ஏதோ பிசகியிருந்தது. அலமாரி நிறைய இயந்திரங்கள், ஒவ்வொன்றின் வயிற்றிலும் ஒரு விசிறி, எல்லாம் சேர்ந்து எந்நேரமும் ஒரே சீராக இரைந்துகொண்டிருக்கும் அடித்தள அறை அது. தூசியும் சூடேறிய ஒயரும் கலந்த வாசனைக்குப் பழகி, அந்த இரைச்சலிலேயே குட்டித் தூக்கம் போடுகிறவன் அவன். இன்று அதற்கு நடுவே மெல்லிய விசில் ஒன்று ஏறி இறங்கியது. ஏதோ ஒரு விசிறி மண்டையைப் போடப் போகிறது என்று நினைத்துக்கொண்டான்.

விடுமுறை நாள் பிற்பகல். கட்டடத்தில் வேறு யாரும் இல்லை. அலுவலகத்தில் அவனுக்கு 'நெட்டுத் தம்பி' என்று பெயர். யாருக்கு இணையம் உண்டு, யாருக்குக் கிடையாது என்பதெல்லாம் அவன் கையில். பழைய பேட்டரியை மாற்ற வந்தவன், கழற்றியதைக் கதவுக்கு முட்டுக்கொடுத்துவிட்டு, வந்ததுதான் வந்தோம் என்று மடிக்கணினியைத் திறந்து எந்தக் கணினிக்கு இணையம் விடுவது, எதற்குத் தடுப்பது என்று சொல்லும் லினக்ஸ் சர்வரின் விதிகளையும் ஒரு பார்வை பார்த்தான்.

எல்லாவற்றுக்கும் மேலே, எதிரே இருக்கும் ஆவண அறையில் வேலை பார்த்த அக்காவின் கணினிக்கான தடை நின்றது.

அவள் செத்துக்கிடந்த காலையில் அவனே அழித்த தடை. அந்தக் கணினியையும் எப்போதோ கழற்றி எடுத்துப் போய்விட்டார்கள். ஆனால் தடைக்கு எதிரே, எத்தனை முறை இணையம் கேட்டுத் திருப்பி அனுப்பப்பட்டது என்று காட்டும் எண் ஏறிக்கொண்டே இருந்தது. யாரோ விடாமல் கேட்கிறார்கள்.

மடிக்கணினியைக் கிட்டே இழுத்து மறுபடி பார்த்தான்.

வேலை நேரத்தில் சீரியல் பார்க்கிறாள் என்று மேலாளர் சொல்லித்தான் அவள் இணையத்தை நிறுத்தினான். அடித்தளத்தில் கைபேசி சிக்னல் எட்டாது. வெளியூரில் இருக்கும் மகளோடு பேச அவளுக்கு அந்தக் கணினியை விட்டால் வேறு வழியில்லை. மேலாளரிடம் கெஞ்சிக் கூத்தாடி அனுமதி வாங்கினாள். அவனும் ஒரு நீண்ட விடுமுறைக்கு முந்தின நாள் அனுமதியைச் சேர்த்துவிட்டு, வீட்டுக்குப் போகிற வழியில் எதிர் அறைக்குள் தலையை நீட்டினான்.

"சரி பண்ணிட்டேன்க்கா. இப்பப் பாருங்க."

"நீ நல்லா இருப்பே தம்பி."

சர்வர் விதிகளை மேலிருந்து கீழே படிக்கும். பொருந்துகிற முதல் விதியோடு நின்றுவிடும். அனுமதியைத் தடைக்கு மேலே வைத்திருக்க வேண்டும். அவனோ வரிசையின் கடைசியில் சேர்த்திருந்தான். வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் செய்கிற அசட்டுத் தப்பு. அங்கேயே நின்று ஒருமுறை சோதித்திருந்தால் தெரிந்திருக்கும். நிற்கவில்லை.

அன்று மாலை, எல்லாரும் போன பிறகு, ஆவண அறைக் கதவு சாத்திக்கொண்டது. கைப்பிடி உள்ளேயிருந்து திரும்பவில்லை. அவளுக்கு மூச்சிழுப்பு, மருந்து மேல்மாடியில் கைப்பைக்குள். விடுமுறை முடிந்து கதவைத் திறந்தவன் அவன்தான். மகளுக்கு எழுதிய செய்தி போகாமல் திரையில் சுற்றிக்கொண்டிருந்தது. ஆட்கள் வருவதற்குள் கணினியை அணைத்தான். ஓடி வந்து தடையை அழித்தான். பழி கைப்பிடியின் மேல் விழுந்தது.

மகள் வந்தாள். "அம்மா எனக்கு ஒரு மெசேஜ்கூடப் போடலையாண்ணா?"

"நெட்டெல்லாம் நல்லாத்தாம்மா இருந்துச்சு. அவங்கதான் போடலைபோல."

அவள் முகம் சுருங்கியதை அவன் பார்த்தான். அதற்குப் பிறகும் வாயைத் திறக்கவில்லை. தன்னைத் தானே காறித் துப்ப வேண்டும்போல் இருந்தது.

இப்போது தடையை அழித்தான். வரி மறைந்தது. மறுபடி பார்த்தான். மேலே நின்றது.

எதிர் அறைக்குப் போனான். வெறும் மேசை. தரையில் எதிலும் செருகாத கேபிள். அவள் தேய்த்துக்கொள்ளும் தைலத்தின் வாசனை, இப்போதுதான் யாரோ மூடியைத் திறந்ததுபோல். திரும்பி வந்து, அந்த அறைக்குப் போகும் ஒயரை, எல்லா இணைய ஒயர்களும் வந்து சேரும் சுவிட்சுப் பெட்டியிலிருந்து பிடுங்கினான். காலியான துளையின் பச்சை விளக்கு சிமிட்டிக்கொண்டிருந்தது. எண் ஏறியது.

சொல்லிவிட வேண்டும். எல்லாவற்றையும். மடிக்கணினியில் அக்கா மகளுக்கு அடித்தான்: 'தப்பு என்னோடதும்மா. அம்மா உனக்கு மெசேஜ் போட்டாங்க. நான்தான் போகவிடாம வச்சிருந்தேன்.' அனுப்பினான்.

செய்தி போகாமல் சுற்றியது.

விதிகளைப் பார்த்தான். அவள் கணினியின் முகவரி அங்கே இல்லை. தடைக்கு எதிரே அவன் மடிக்கணினியின் முகவரி.

கதவுக்கு ஓடினான். சாத்தியிருந்தது. முட்டுக்கொடுத்திருந்த பழைய பேட்டரி இப்போது அவன் நாற்காலியின் அருகே இருந்தது. எதிர் அறையின் கைப்பிடியை மாற்றியிருந்தார்கள். இந்த அறையின் கைப்பிடியை மாற்றச் சொல்ல அவன் சோம்பல்பட்டு விட்டிருந்தான்.

திரும்பவில்லை.

"யாராவது இருக்கீங்களா?"

கைபேசி. சிக்னல் இல்லை.

திரையில் ஒரு வரி வந்தது. 'சரி பண்ணிட்டேன் தம்பி. இப்பப் பாரு.'

பார்த்தான். அவன் செய்தி சுற்றிக்கொண்டேயிருந்தது.

அப்போது மின்சாரம் போனது. விசிறிகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்து நின்றன. மடிக்கணினியின் வெளிச்சம் மட்டும். அத்தனை இயந்திரமும் அடங்கிய பிறகும் அந்த விசில் அடங்கவில்லை. ஏறியது. இறங்கியது. அவனுக்கு முதுகுப்பக்கம், அவன் நாற்காலியில் உட்கார்ந்து, மூச்சுக்கு இழுத்துக்கொண்டிருந்தது.