எட்டு மில்லி இடைவெளி

கதவு விசிலடிக்கவில்லை.

மூன்று மாதமாக, மாலைக் காற்று எழுந்தால் போதும், கதவடி இடுக்கு மெல்லிதாக ஊத ஆரம்பித்துவிடும். வரைபடச் சுருளும் கம்ப்யூட்டர் பையுமாக அவள் வாசலில் வந்து நிற்கும்போதெல்லாம் நாளைக்குக் கட்டாயம் ஒரு ரப்பர் பட்டை ஒட்டவேண்டும் என்று நினைப்பாள்; செருப்பைக் கழற்றியதும் மறந்துவிடுவாள். ஊருக்குத்தான் உபதேசம், ஆர்க்கிடெக்ட் வீட்டுக் கதவுக்கு இல்லை. இன்று காற்று நன்றாகவே அடித்தது. கூரைமேல் வளர்த்த பூச்செடிகள் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றன. கதவு மட்டும் பேசாமல் இருந்தது.

அக்கா எழுந்து பழைய துணி எதையாவது சுருட்டி வைத்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டாள். அலுத்துப்போனவளுக்கு எந்தக் காரணமும் போதும்.

தள்ளியபோது கதவு ஒட்டிக்கொண்டு, பிறகு பிய்ந்துகொண்டு திறந்தது. நிலை ஓரம் முழுக்க ஒரு பழுப்புக் கோடு. விரலால் தொட்டாள். பிசின். வீட்டுக்குள்ளும் அதே வாசனைதான் கட்டி நின்றது, பட்டை உரித்த மரமும் மெழுகும் கலந்த மாதிரி.

இருநூற்று நாற்பது சதுர அடி வீடு. மண் பூசிய சுவர்கள், மழைநீர்த் தொட்டி, வெயிலில் ஓடும் விளக்கு, தெற்குச் சுவருக்குள்ளேயே ஒரு தேன்கூடு. தேனீக்கள் கூரையோரத் துளை வழியாக வெளியே போய்வரும். வீட்டிலிருப்பவர்கள் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருக்கலாம். நகரத்தில் கையகல இடம் இல்லாதவர்களும் தேனீ வளர்க்கட்டும் என்று வரைந்த வீடு. மூன்று வருடம் அலைந்தாள், ஐந்து இடத்தில் முடியாது என்றார்கள். நாளைக் காலை நகராட்சிக் குழு வந்து பார்த்துச் சரி என்றால், இதே போல இருபது வீடு. இல்லையென்றால் மறுபடி முதலிலிருந்து தொடங்க அவளுக்குத் தெம்பில்லை. அது அவளுக்கே தெரியும்.

அக்கா வந்து பத்து நாள் ஆகிறது. ஆபரேஷன் முடிந்த உடம்பு தேறட்டும் என்று இவள்தான் கூட்டிவந்தாள். கட்டிலும் அதே தெற்குச் சுவருக்குள்ளேயே பதித்தது, முன்னால் இழுத்து மூடும் பலகைக்கதவு. மாத்திரை போட்டுக்கொண்டு மதியம் முழுக்க அக்கா அதற்குள் தூங்குவாள்.

காலையில் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு அக்கா சொன்னாள்: "இந்தச் சுவர் மூச்சு விடுதுடி. நேத்து மதியம் கன்னத்துல ஏதோ ஊர்ந்துச்சு. என்னை அளந்து பாத்துட்டுப் போற மாதிரி."

"நாளைக்கு ஆளுங்க வராங்கக்கா. அவங்க முன்னாடி இதெல்லாம் சொல்லி வைக்காத. கொஞ்சம் வாயை மூடேன்."

அக்கா கோபித்துக்கொள்ளவில்லை. "மூடறேன். முழுசா இல்ல, உன் எட்டு மில்லி விட்டு மூடறேன். போதுமா?"

அது அக்காவின் பழைய கேலி. தேனீ நடமாட எட்டு மில்லிமீட்டர் வேண்டும். குறைந்தால் பிசின் வைத்து அடைத்துவிடும், கூடினால் தேனடை கட்டிவிடும், எட்டு என்றால் வழி என்று விட்டுவிடும். கூட்டுக்காகப் படித்த அந்த அளவு இவளுக்குப் பிடித்துப்போய்விட்டது. அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே எட்டு. தரைப்பலகை ஓரம் எட்டு. கட்டில் கதவுக்கு மேலே எட்டு. வீடு முழுக்க ஒரே அளவு. வரைபடம் பார்க்க அவ்வளவு சுத்தம்.

இப்போது கூட்டின் கண்ணாடிக்கு முன்னால் போய் நின்றாள். அடைகள் இருந்தன. தேன் இருந்தது. தேனீ ஒன்றுகூட இல்லை.

ஓடிப்போயிருந்தால் நாளை குழுவுக்கு எதைக் காட்டுவது? கூடு வைத்துக்கொடுத்த தேனீக்காரருக்குப் போன் போட்டாள்.

"தேனிருந்தா அடையை விட்டுட்டு ஓடாதும்மா," என்றார் அவர். "வேற ஏதாவது மாறியிருக்கா?"

"கதவோரம் பிசின் வச்சிருக்கு."

"வெளிக்கதவா?"

"ஆமா." ஜன்னலைப் பார்த்தாள். "ஜன்னல்லயும்."

"கூட்டுக்கு வெளிச்சுவரைத்தாம்மா அப்படிப் பூசும். உள்ள எட்டு மில்லி இடுக்கு ஏதும் விட்டீங்களா?"

"எல்லா இடத்துலயும்."

"அப்போ மொத்த வீட்டையும் தன் கூடுன்னு எடுத்துக்கிச்சு."

"எடுத்துக்கிட்டா என்ன?"

"ஒண்ணுமில்ல. கூட்டுக்குள்ள எலி கிலி வந்தா கொன்னுடும். பெருசு இல்லையா, தூக்கி வெளிய போட முடியாது. அப்படியே பிசின் பூசி மூடிடும். நாறாது, கெடாது, வருஷக்கணக்கா இருக்கும்." அவர் குரல் இறங்கியது. "வீட்ல வேற யாரும் இருக்காங்களாம்மா?"

போன் கையில் இருந்தது. காதில் இல்லை.

வந்து இவ்வளவு நேரமாகியும் அவள் அக்காவைக் கூப்பிடவில்லை. தேனீயைத்தான் தேடினாள்.

"அக்கா."

ஒரு முனகல் மட்டும், கட்டில் பக்கமிருந்து. தூக்கத்தில் அக்கா முனகுவது வழக்கம்தான். வழக்கம்தான் என்று இரண்டு முறை சொல்லிக்கொண்டாள். காலையில் வாயை மூடு என்று சொல்லியிருக்க வேண்டாம். எழுப்பி, மன்னிப்புக் கேட்டு, ஒரு டீ போட்டுக் கொடுக்கலாம்.

பலகைக்கதவின் மேல் இடுக்கில் தேனீக்கள். வரிசையாக. ஒன்று உள்ளே. ஒன்று வெளியே. அவசரமே இல்லை.

இழுத்தாள். சத்தமில்லாமல் நகர்ந்தது.

அக்கா மல்லாந்து படுத்திருந்தாள். கழுத்துவரை போர்வை. போர்வை, கை, முகம், எல்லாம் ஒரே பழுப்பு. புதிதாக வார்னிஷ் அடித்த பலகை போல மினுமினுப்பு. கண் இருந்த இடம் வழவழவென்று இருந்தது. மூக்கு அடைத்திருந்தது. காதும்.

வாய் மட்டும் அடைக்கவில்லை.

உதடுகளுக்கு நடுவே ஓர் இடைவெளி. இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை ஒரே சீராக. எத்தனை மில்லி என்று அவள் அளந்து பார்க்க வேண்டியதில்லை.

அதன் வழியாக ஒரு தேனீ வெளியே வந்தது. உதட்டின்மேல் நின்று காலைத் துடைத்துக்கொண்டது. பறந்தது. இன்னொன்று உள்ளே போனது. உள்ளே, அக்காவின் தொண்டைக்குள்ளிருந்து, மொத்தக் கூடும் முனகிக்கொண்டிருந்தது.