பிசிறுமணி

மூன்றாம் பாட்டும் முடிந்துவிட்டது. மேடைக்கு மேலே தொங்கிய பச்சை விளக்கு இன்னும் எரியவில்லை. 'நாதப்பெருங்கடல்' குலோத்துங்கன் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

கோயம்புத்தூர் அரங்கு நிறைந்திருந்தது. நிறைந்து என்ன பயன்? டிக்கெட்டே கிடையாது. பாடுபொறிகள் வந்த பிறகு அப்பழுக்கில்லாத பாட்டு குழாய்த் தண்ணீர் மாதிரி வீட்டுக்கு வீடு கொட்டிக்கொண்டிருந்தது. அதற்குப் போய் யார் காசு கொடுப்பார்கள்? மனிதப் பாடகருக்கு வரும்படியெல்லாம் வாசலில் போட்டிருக்கும் கடையில்தான்.

கடையில் விற்பது பிசிறு. பாடுகிறவரின் குரல் தடுமாறினால், விளக்குக்குப் பக்கத்தில் இருக்கும் பிசிறுகவ்வி அதை அப்படியே கவ்விப் புளியங்கொட்டை அளவுக் கண்ணாடி மணிக்குள் அடைத்துவிடும்; கூடவே விளக்கும் எரியும். காதில் வைத்து அழுத்தினால் அந்தத் தடுமாற்றம் கேட்கும். பொறிக்குப் பிசிறாது, ஆகவே மணி விழுந்தால் பாடியது மனிதன். ரசிகர்கள் அதைக் கழுத்தில் தொங்கவிட்டு, "இது அவரோட பைரவியில வந்த விரிசலுங்க" என்று கண்மூடிச் சிலாகித்தார்கள். வேண்டுமென்றே தடுமாறினால் விளக்கு எரியாது. நடிப்பு அதற்குத் தெரியும்.

தான் நன்றாகப் பாடுகிறோமா மோசமாகப் பாடுகிறோமா என்பதே குலோத்துங்கனுக்குக் குழம்பிப்போய் நெடுநாளாயிற்று. பிசிறுக்காகச் சாதகத்தை விட்டார். கச்சேரிக்கு முன்னால் ஐஸ்கிரீம் தின்றார். இன்று பார்த்து, பாழாய்ப்போன குரல் வெண்ணெயாய் வழுக்கிக்கொண்டு போனது.

கடையைப் பார்த்துக்கொண்டிருந்த மனைவி பூங்கோதை மேடையோரம் ஓடிவந்தாள்.

"ஏனுங்க, என்னாச்சு உங்களுக்கு? தட்டு காலியாக் கெடக்குது. இன்னைக்கு ஒண்ணும் விக்கலீன்னா இனி மேடையே கெடையாதுன்னுட்டாரு மேனேஜரு."

"நா என்ன பண்றது புள்ள? நல்லா வந்து தொலையுது!"

"இத்தன வருசமா வராதது இன்னைக்குத்தான் வரோணுமா?"

நான்காம் பாட்டும் பழுதில்லாமல் முடிந்தது. கழுத்து நிறைய மணி தொங்கவிட்டிருந்த ஒருவர் முன்வரிசையில் எழுந்தார்.

"இது மனுசனே இல்லீங்கோ! பொறிக்கு வேட்டி கட்டி உக்கார வெச்சிருக்கறாங்க!"

அரங்கம் கொந்தளித்தது.

"நா மனுசன்யா!" என்று அலறினார் குலோத்துங்கன். 'மனுசன்' என்ற இடத்தில் குரல் கீச்சென்று இரண்டாகப் பிளந்தது.

விளக்கு பளிச்சென்று எரிந்தது. ஒரு மணி விழுந்தது. அதற்காக நடந்த அடிதடியில் நாற்காலிகள் உடைந்தன.

அப்புறம் ஊர் ஊராக அதையேதான் கேட்டார்கள். பாட்டு வேண்டாமாம், 'நா மனுசன்' மட்டும் போதுமாம். 'மானுடப் பேரொளி' என்று புதுப் பட்டம்கூடச் சூட்டினார்கள். ஈரோட்டில் விளக்கு நன்றாக எரிந்தது. சேலத்தில் மினுக்கியது.

மறுபடியும் கோயம்புத்தூர். பொன்னாடை போர்த்தி மைக்கைக் கொடுத்தார்கள். சொன்னார். எரியவில்லை. நெஞ்சில் கை வைத்து, நிஜமாகவே கண் கலங்கி, இன்னொரு தரம் சொன்னார். எரியவில்லை. இத்தனை மேடைகளில் சொல்லிச் சொல்லி அந்தச் சொல்லும் வெண்ணெயாகிவிட்டிருந்தது. பிசிறுகவ்வி அதை நடிப்பில் சேர்த்துவிட்டது.

குலோத்துங்கனுக்கே சந்தேகம் வந்துவிட்டது. பிசிறுகவ்வி ஒருநாளும் பொய் சொன்னதில்லையே! மேடையோரம் திரும்பினார்.

"பூங்கோத, நீயாச்சும் சொல்லு. நா மனுசன்தானே?"

பூங்கோதை வாயைத் திறந்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, அண்ணாந்து பார்த்தாள்.

"சித்தே பொறுங்க. வெளக்கு எரியட்டும்."