பின்னறைக் கதவின் சொல்

பூட்டிய பெயர்களில் ஒன்று மட்டும் பூட்டிக்கொள்ள மறுத்தது.

சிம்பாங் அம்பாட்டில், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய பெண்கள் காப்பகத்துக்குக் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதிக்கொடுக்க வந்திருந்தாள் கமலவேணி. அடி உதைக்குத் தப்பி வந்த பெண்கள் யார், எந்த அறையில் ஒளிந்திருக்கிறார்கள் என்ற விவரம் முழுவதும் யாருக்கும் புரியாத எழுத்துக் குப்பையாக மாறிவிட வேண்டும். சாவிச் சொல்லைத் தட்டினால்தான் பழையபடி தெரிய வேண்டும். வேலை முடிந்துவிட்டது. மழை இருட்டில் திரை நிறையக் கோணல்மாணலான குறிகள் பச்சையாக மினுங்கின. அவற்றின் நடுவே ஒரு துண்டு மட்டும் யாரும் படிக்கும்படி நின்றது.

ஏ/பி அங்கமுத்து.

அங்கமுத்துவின் மகள். மகளின் பெயர் குப்பைக்குள் மறைந்திருந்தது. அப்பன் பெயர் மட்டும் வெளியே.

நடுவில் உள்ள சாய்கோடுதான் கோளாறு செய்கிறது என்று நினைத்தாள். மற்றப் பெண்களின் பெயரிலும் அதே சாய்கோடு உண்டு, அவை பூட்டிக்கொண்டனவே. மறுபடி பூட்டினாள். பெட்டிக்குள் எதையோ சுரண்டுவதுபோல் கறகறவென்று சத்தம். அங்கமுத்து அப்படியே நின்றான்.

அவன் ரப்பர் மரத்தில் பால்வெட்டுகிறவன். பாராங் கத்தியோடு மகளைத் தேடி அலைகிறவன். மகள் மலர்க்கொடி பின்னறையில் தாழிட்டுக்கொண்டு இருந்தாள். வெளியே நிற்பவர் அடையாளச் சொல்லைச் சொன்னால்தான் திறப்பாள். காப்பகத்தை நடத்தும் மனோரஞ்சிதம், "எனக்கு ரெண்டு சொல் ஞாபகம் நிக்காது பிள்ளை, கம்ப்யூட்டருக்கும் அதையே போடு," என்று காலையில் சொல்லிவிட்டார்.

"எந்தச் சொல்லு?" என்று மலர்க்கொடியிடம் கேட்டிருந்தாள் கமலவேணி.

"ஒண்டே-ஒண்டே," என்றாள் மலர்க்கொடி.

"பலகாரத்துப் பேரா? தட்டுறப்பல்லாம் பசிக்கும் லா."

"கடிச்சா உள்ள கூலா மலாக்கா வெல்லப்பாகு வெடிக்கும்ல அக்கா. சின்னதுல அப்பா ஜாசின் பாசார்லேருந்து வாங்கிட்டு வருவாரு. அப்ப நல்லாத்தான் இருந்தாரு."

அப்போதே வேறு சொல் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

தொலைபேசி அடித்தது. ஜாசின் ஆஸ்பத்திரியிலிருந்து மனோரஞ்சிதம்.

"கமலா, அங்கமுத்து முடிஞ்சுபோனான். லாரி அடிச்சிட்டுது. உடம்பை நானே பார்த்தனான். இனிப் பயமில்லை, பிள்ளைக்கு நான் வந்து சொல்லுறன்."

"சரி ஆன்ட்டி."

தொலைபேசியை வைத்துவிட்டுத் திரைப்பக்கம் திரும்பினாள்.

மலர்க்கொடி ஏ/பி அங்கமுத்து.

அவள் எதையும் தொடவில்லை. அந்தக் கம்ப்யூட்டர் வேறு எதனோடும் இணைக்கப்படவில்லை. சொல் தெரியாமல் ஓர் எழுத்தும் திறக்காது. அவள் எழுதிய புரோகிராம், அவளுக்குத் தெரியும். அப்படியானால் யாரோ அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டார்கள்.

மழைக்கும் ஈரமண்ணுக்கும் அடியிலிருந்து இன்னொரு வாடை மெல்ல மெல்ல எழுந்து அறைக்குள் பரவி அவள் சட்டையில், முடியில், மூக்கின் உட்புறத்தில் படிந்தது. புளித்த வாடை. ஒட்டுப்பால். சுற்றுவட்டாரத்தில் ரப்பர் மரமே கிடையாது.

திரையில் அடுத்த குப்பை கலைந்தது.

வீடு: சிம்பாங் அம்பாட்.

பிளக்கைப் பிடுங்கினாள். எழுத்துகள் அணையவில்லை.

அறை: பின்னறை.

நடையில் ரப்பர் பூட்ஸ் சத்தம். சளக். சளக். எட்டிப் பார்த்தாள். யாரும் இல்லை. சிமெண்டுத் தரையில் வெள்ளைத் தடங்கள் மட்டும். ஈரமாக. ஒவ்வொன்றாக. பின்னறையை நோக்கி.

திறக்காதே என்று கத்த வாயெடுத்தாள். உதடு பிரியவில்லை. நாக்கு மேலண்ணத்தோடு ஒட்டியிருந்தது. உதட்டுக்குள் விரலைத் திணித்து இழுத்தாள். வெள்ளையாக, நூல் நூலாக வந்தது. புளித்தது.

கதவு தட்டப்பட்டது.

"யாரு?" என்றாள் மலர்க்கொடி உள்ளிருந்து.

தடங்கள் நின்ற இடத்திலிருந்து பதில் வந்தது. கமலவேணியின் குரல். பிசிறில்லாமல், அவளுடைய குரலேதான்.

"ஒண்டே-ஒண்டே."

"வந்துட்டேன்க்கா," என்றாள் மலர்க்கொடி.

தாழ்ப்பாள் விலகியது.