வெளித்தாழ்ப்பாள்

காலி அறையானாலும் கதவைத் தட்டிவிட்டுத்தான் நுழைவாள் சந்திரமதி. காஜா பெராங்கில் அவள் வேலை பார்த்த ஹோட்டலில் அறை கூட்டும் பெண்கள் எல்லாருக்குமே அந்தப் பழக்கம் உண்டு. அன்று காலை, படுக்கை விரிப்புகளைக் காயப்போடும் அறையைத் தட்டினாள். உள்ளிருந்து யாரோ பதிலுக்குத் தட்டினார்கள்.

அவள் கை அப்படியே நின்றது. துணி காய உள்ளே மூட்டிய கரியடுப்பின் புகையும் ஈரத்துணியின் புளித்த வாடையும் கதவிடுக்கில் கசிந்துகொண்டிருந்தன; கூரையில் மழை ஓயாமல் இரைந்தது; அந்த இரைச்சலுக்குள்ளும் பலகையை நகத்தால் சுரண்டும் சத்தம் மெல்ல, மிக மெல்ல, அவள் முழங்கால் உயரத்தில் ஊர்ந்தது. போன மழைக்காலத்தில், கூட வேலை செய்த ஜெயா செத்துக் கிடந்தது அங்கேதான்.

கதவு சாத்தினால் வெளித்தாழ்ப்பாள் தானாக விழும். உள்ளே பிடி கிடையாது. வேலைக்காரிகள் உள்ளே படுத்துத் தூங்குகிறார்களாம்; அதைத் தடுக்க மானேஜர் கலியாணசுந்தரம் செய்த ஏற்பாடு. புகையில் மூச்சடைத்துச் செத்தவளுக்கு நெஞ்சுவலி என்று சொல்லிக் கைகழுவியதும் அந்தப் புண்ணியவான்தான்.

"இன்ஸ்பெக்டர் வர்றாரு. வாயத் தொறந்த, புள்ளைங்களோட தெங்கேரா ரோட்டுலதான் நிப்ப," என்றிருந்தார் அவர்.

மலாய் நாட்டுக்குச் சுதந்திரம் வந்த வருஷம். அவளுக்கு என்ன வந்தது?

ஹோட்டலைச் சோதிக்க வந்த இன்ஸ்பெக்டர் யூசுப் அந்தக் கதவருகே நின்று தமிழிலேயே கேட்டார். "ஏம்மா, இது உள்ளேருந்து தொறக்குமா?"

மானேஜர் அவளையே பார்த்தார். சுரண்டல் சட்டென்று நின்றது.

"தொறக்கும் ஐயா."

வாயெல்லாம் கசந்தது. தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. யூசுப் தலையாட்டிவிட்டு, சுவரில் சாத்திய குடையை மறந்து, மானேஜரோடு சமையலறைப் பக்கம் போனார்.

மேல்மாடிக்கு விரிப்புகள் வேண்டும். தட்டினாள். பதில் இல்லை. இரும்பு வாளியைக் கதவுக்கு முட்டுக் கொடுத்துவிட்டே உள்ளே போனாள்.

வாளி நகர்ந்தது.

கதவு சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் விழுந்தது.

இருட்டு. புகை. தட்டினாள். கத்தப் பார்த்தாள். குரல் வரவில்லை. மறுபடி தட்டினாள்.

வெளியே பூட்ஸ் சத்தம். குடையை எடுக்கத் திரும்பிய யூசுப்!

"யாரோ தட்டுற மாதிரி இருக்கே. உள்ள யாரும்மா?"

கதவுக்கு வெளியே, மிக அருகில், சந்திரமதியின் குரலே பதில் சொன்னது.

"யாரும் இல்ல ஐயா. இருந்தா தொறந்துக்கிட்டு வந்திருப்பாங்களே."

பூட்ஸ் சத்தம் தேய்ந்தது.

முழங்காலிட்டாள். பலகையில் பழைய கீறல்கள் விரலுக்குத் தட்டுப்பட்டன. அவளுடைய நகங்கள் ஒவ்வொன்றாக அவற்றுக்குள் இறங்கின.